மாஜரின் இல்லாத அடுக்குப் பணிஸ்

பிள்ளைகளே,

போன கிழமை இந்தப் பத்திரிகையில் நான் எழுதியதை வாசித்துவிட்டு மூத்தவள் தொலைபேசியில் கேட்டாள். "அப்பா, சண்டைக் காலத்தைப் பற்றி எழுதினா எல்லாம் ஓட்டமும் அழுகையுமாத்தான் வருது. நாம ஒரு தரமாவது வெல்லல்லையா?"

வென்றோம் மகள். ஒரு தட்டுப் பணிசால் வென்றோம். நீ அப்போது தொட்டிலில். தம்பி பிறக்கவே இல்லை. அதனால் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து இந்தக் கிழமை அதையே எழுதுகிறேன்.

அம்மன் கோயில் சடங்கின் கடைசி நாள் அது. அம்மனைக் குளிர வைக்கிற குளிர்த்தி முடிந்து சனம் திரும்பி வருகிற விடியல். எல்லாருடைய தலையிலும் தோளிலும் பூசாரியார் தெளித்த தண்ணீர் காயாமல் இருந்தது. வீதியெல்லாம் வேப்பிலை மணம். ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் நடுவில், பெரிய வீதி ஓரமாக எங்கள் பேக்கரி. வருஷா வருஷம் குளிர்த்தி பார்த்துவிட்டு வருகிற சனம் எங்கள் வாசலில் நின்று, சூடாக அடுக்குப் பணிஸ் என்கிற இனிப்புப் பன் தின்று, பாலில்லாத பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும்.

அன்றும் நின்றது. தட்டு வந்துவிட்டது. தட்டுக்கு முன்னால் என் கூட்டாளி காசீம் நானா நின்றார். நெருப்புச் சூட்டில் புருவம் பாதி கருகிய மனிசன். சாரத்தை மடித்துக் கட்டி, தோளில் ஒரு துவாய். கையில் அந்தத் தட்டின் முதல் பணிஸ். கடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானா, கடியுங்களன்! கை சுடுதா, பல்லுக் கூசுதா?" என்றது ஒரு குரல்.

"புதுமாப்பிள்ளை மாதிரி நாணிக்கொண்டு நிக்கிறாரு" என்றது இன்னொன்று. சனம் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பணிசில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எங்கள் இரண்டு வீட்டாருக்கு மட்டும் தெரியும். நானா அதைக் கடித்துத் துப்பிவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். பழைய பணிசுக்கே திரும்பிப் போவார். அவருடைய இருதயம் அதைத் தாங்காது. இல்லாவிட்டால் பேக்கரியை விட்டே போவார். அதையும் அவருடைய இருதயம் தாங்காது.

கடிக்காத தட்டு வெளியே போகாது

அந்த மனிசன் ஏன் முதல் பணிசைக் கடிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மா குழைக்கவும், முன்கடையில் நின்று கதைத்து விற்கவும் எனக்கு வரும். போறணை நானாவின் கையில். செங்கல்லால் கட்டி விறகு போட்டு எரிக்கிற அந்தப் பெரிய அடுப்பை அவருடைய வாப்பா கட்டினார். நானா அதன் வாய்க்குள் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப பாண் வெய்" என்பார். "இப்ப பணிஸ்" என்பார். ஒரு நாளும் பிழைத்ததில்லை.

வாப்பா காலத்திலிருந்தே ஒரு வழக்கம். போறணையிலிருந்து ஒரு தட்டு வந்தால், அதன் முதல் பணிசைச் சுட்டவர் கடிக்க வேண்டும். வாங்க வந்த சனத்தின் கண் முன்னால் கடிக்க வேண்டும். கடித்து, மென்று, விழுங்கி, தலையை ஆட்டினால்தான் அந்தத் தட்டில் வேறு கை படலாம். தலையாட்டாத தட்டு கோழிக்குப் போகும். தலையாட்டாத தட்டுகளை நானும் இரண்டொரு தரம் பார்த்திருக்கிறேன். அதில் என்ன குறை என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

அதனால் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்கள்: "நானா கடிச்சாச்சா?"

இடையில் ஒரு காலம் வந்தது. எங்கள் தமிழ் ஊரும் அவர்களுடைய முஸ்லிம் ஊரும் முகத்துக்கு முகம் பார்க்காத காலம். அதை நான் இங்கே விரித்து எழுதவில்லை. இரண்டு பக்கத்திலும் அழுதவர்கள் இருக்கிறார்கள். அவர் இந்தப் பக்கம் வர முடியாது, நான் அந்தப் பக்கம் போக முடியாது. போறணை அணைந்து கிடந்தது.

வழி திறந்தபோது முதலில் வந்தவர் நானாதான். இரண்டு பேருமாகப் போய் போறணைக்குள் எட்டிப் பார்த்தோம். உள்ளே யாரோ வீட்டுக் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டு இருந்தது. நானா அதைக் கலைக்க விடவில்லை. "பொரிக்கட்டும் தம்பி. மறுகா நெருப்பு வெய்ப்பம்" என்றார். குஞ்சுகள் எல்லாம் இறங்கி நடந்த பிறகுதான் எங்கள் பேக்கரி திரும்பத் தொடங்கியது.

மஞ்சள் கட்டி

எங்கள் கடைக்குப் பேர் எடுத்துக் கொடுத்தது அடுக்குப் பணிஸ். குழைத்த மாவைத் தட்டையாக உருட்டி, அதன் மேல் மாஜரினைத் தாராளமாகப் பூசி, சீனி தூவி, பாய் மாதிரிச் சுருட்டி, துண்டு துண்டாக வெட்டிச் சுடுவது. வெந்து வந்ததும் ஏடு ஏடாகப் பிரியும். பிள்ளைகள் வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொரு சுற்றாக உரித்துத் தின்பார்கள்.

மாஜரின் எங்களுக்குப் பெட்டியில் வரும். எண்ணெய்க் கடதாசி சுற்றிய மஞ்சள் கட்டி. மட்டக்களப்பு மத்தியான வெயிலில் மேசையில் வைத்தாலும் உருகாமல் செங்கல் மாதிரி நிற்கும். அதைப் பார்த்து எங்களுக்குப் பெருமை. இறுகி நிற்பதுதான் நல்ல சரக்கு என்று நினைத்தோம்.

எங்களுக்கு மட்டுமில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் பாணில் மாஜரின் பூசிச் சீனி தூவித் தந்தால் அன்றைக்கு வீட்டில் ஏதோ விசேஷம் என்று அர்த்தம். அகதிமுகாமில் இருந்தபோது யாரோ கொண்டுவந்து பங்கிட்ட மாஜரினை உங்கள் அம்மா ஒரு கிண்ணத்தில் வைத்து, காய்ச்சல்காரருக்கு மட்டும் கொடுத்தாள். அது மருந்து மாதிரி.

நீங்கள் இப்போது கடையில் பைக்கற்றைத் திருப்பி, உள்ளே என்ன கொழுப்பு என்று வாசித்துவிட்டு வாங்குகிறீர்கள். இப்போது வருகிற மாஜரின் எல்லாம் ஒரே மாதிரி இல்லை என்றும் சொல்கிறீர்கள். அந்த நாளில் எங்களுக்கு வாசிக்கவும் ஒன்றுமில்லை, சொல்லித் தரவும் ஆளில்லை.

"அது தீன் இல்ல, தொழில்"

சமாதானப் பேச்சு நடந்த காலம். சோதனைச் சாவடிகள் அப்படியே இருந்தன. ஆனால் துவக்கு வெடி கேட்பது குறைந்திருந்தது. ஒரு காலையில் நானா தணலை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே கீழே குந்திவிட்டார். இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "வாயுடா தம்பி, இஞ்சித் தண்ணி தா" என்றார். முகம் மா பூசியது மாதிரி வெளிறி, நெற்றி முழுக்க வியர்வை. போறணைக்கு முன்னால் வியர்க்கிற வியர்வை வேறு. இது குளிர்ந்து இருந்தது.

ஓட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆசுபத்திரிக்கு ஓடினேன். சாவடியில் நின்ற ஆமிக்காரப் பொடியன் அடையாள அட்டைக்குக் கை நீட்டியவன், நானாவின் முகத்தைப் பார்த்ததும் வீதியை மறித்த தடியைத் தூக்கி வழி விட்டான். அந்தப் பொடியனுக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

மாரடைப்பு என்றார்கள். நானா தப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் கிளினிக்குக்குப் போனோம். நானா, அவருடைய மனைவி, நான். உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் அவர் மனைவி மச்சி. டொக்டர் வயது குறைந்த பெண்பிள்ளை. கண்ணாடி போட்டு, நிதானமாகக் கதைத்தா.

"ஐயா, ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறீங்க?"

நானா நெஞ்சை நிமிர்த்தினார். "டொக்டர், தேங்காப்பாலைத் தொட்டு வருஷக்கணக்கு. இறைச்சி பெருநாளைக்கு மட்டும். பீடி சிகரட் என்ட வாய் கண்டதில்ல. வீட்டில கேளுங்க."

"பத்தியக்காரன்ட சாப்பாடு டொக்டர்" என்றா மச்சி.

"பேக்கரியில?"

"பேக்கரியில நான் சாப்பிடுற இல்ல. தட்டுக்கு ஒரு பணிஸ் கடிப்பன், அவ்வளவுதான்."

"எத்தனை தட்டு?"

நானா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அது நாளைப் பொறுத்தது. சில நாள் ஏழு, எட்டு. பெருநாள், சடங்கு எண்டா கூட வரும். ஆனா டொக்டர், அது தீன் இல்ல. அது தொழில்."

"உங்கட இருதயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது ஐயா" என்றா டொக்டர்.

பிறகு என்னிடம் பணிசுக்குள் என்ன போடுகிறோம் என்று கேட்டா. சொன்னேன். "வெயிலில உருகுமா?" என்று கேட்டா.

"அசையாது டொக்டர். நல்ல சரக்கு."

"அதுதான் பிரச்சினை" என்றா. தண்ணீர் மாதிரி ஓடுகிற எண்ணெய்க்குள் ஒரு வாயுவை ஏற்றி இறுகச் செய்கிறார்கள், அப்படி இறுகுகிறபோது ட்ரான்ஸ் கொழுப்பு என்று ஒன்று உண்டாகிறது என்று விளங்கப்படுத்தினா. அது இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும், நல்ல கொழுப்பையும் குறைக்கும். இருதயத்துக்குப் போகிற குழாய் ஒடுங்கிக்கொண்டு வரும். தேங்காய்ப்பாலைக் குறைத்தது சரிதான். ஆனால் முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்றா.

"மாத்திரையை விடக்கூடாது. ஒவ்வொரு நாளும் நடக்க வேணும். அந்தப் பணிசை நிப்பாட்ட வேணும். ரெண்டாம் தரம் வந்தா கொழும்புக்குத்தான் அனுப்புவம். போற வழியில எத்தனை இடத்தில இறக்கி ஏத்துவாங்க எண்டு நான் சொல்லத் தேவையில்லை."

வெளியே வந்து வாகை மர நிழலில் நின்றோம். நானா துவாயால் முகத்தைத் துடைத்தார். "மனிசனைப் பாத்து மூச்சு விடாதே எண்டு சொல்லலாமா தம்பி?"

தலை முழுகின பணிஸ்

முதலில் நானாவுக்குப் பதிலாக நான் கடித்துப் பார்த்தேன். ஒரு கிழமைகூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

"நானா கடிச்சாரா?"

"நான் கடிச்சன்."

"நீங்க கடிச்சா காணுமா?" என்று ஒரு மனிசி எடுத்த பணிசைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டுப் போனா.

அதைப் போறணைப் பக்கமாக நின்று நானா பார்த்தார். அடுத்த தட்டுக்கு வந்து, என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, எடுத்துக் கடித்தார். தலையை ஆட்டினார். மெல்லும்போது அவருடைய மற்றக் கை நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரியாது.

அன்று பின்னேரம் மச்சி பின்கதவால் வந்தா. "தம்பி, அவர் கடிக்கிறாரா?"

நான் குனிந்து மா மேசையைத் துடைத்தேன். அதிலேயே அவவுக்கு விளங்கிவிட்டது.

"எனக்கு அந்த மனிசன் வேணும் தம்பி. ஆனா அவரைத் திருத்த ஏலாது. நிக்காஹ் முடிச்ச நாளில இருந்து பாத்துட்டன். நீங்க பணிசைத் திருத்துங்க."

அந்தச் சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மனிசன் அப்படியே இருக்கட்டும். கடிக்கிற பண்டம் மாறட்டும்.

தொடங்கினேன். முதலில் தேங்காய் எண்ணெய். அளவோடு பாவிக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தா. அளவோடு பூசினால் ஏடு பிரியவில்லை. கூடப் பூசினால் எல்லாம் வடிந்து தட்டு குளமாகிப் பணிஸ் மிதந்தது. அடுத்தது எருமை வெண்ணெய். படுவான்கரையிலிருந்து ஆற்றுக்கு இங்கால் கொண்டுவர வேண்டும். வந்த வெண்ணெய் நல்லாய்த்தான் இருந்தது. டொக்டரிடம் கேட்டேன். இருதயக்காரருக்கு ஒரு நாளைக்கு எட்டுத் தரம் வெண்ணெயா என்று சிரித்தா. அதுவும் போயிற்று.

பிறகு நல்லெண்ணெய். அந்தத் தட்டை நானா கடிக்கவே இல்லை. மணந்து பார்த்தார்.

"என்னடா இது? சனிக்கிழமை தலை முழுகிட்டு வந்த பணிஸ் மாதிரி இரிக்கு."

அந்தக் கதை ஊரெல்லாம் பரவியது. கடைக்கு வருகிற பொடியன்கள், "அண்ணே, இண்டைக்குப் பணிசுக்குச் சீயாக்காய் வைக்கல்லையா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

நான் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் நானா பழைய பணிசைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு கடியையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சட்டைப்பையில் ஒரு கறை

உங்கள் அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கச்சி மாங்கேணியில் கலியாணம் முடித்தாள். நான் மட்டும் போனேன். கடல்கரை மணலில் கச்சான், அதுதான் நிலக்கடலை, நன்றாக விளைகிற இடம். திரும்பும்போது வறுத்த கச்சான் கொஞ்சம் தந்தார்கள். உடைத்து, கோது நீக்கி, பஸ்ஸில் தின்னலாம் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வழியில் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் என் உடம்பைத் தடவி வந்தான். நெஞ்சுப் பக்கம் கை நின்றது. பையை அழுத்தினான். நொறுநொறு என்றது. இன்னும் அழுத்தினான்.

"மே மொனவத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

வெளியே எடுத்துக் காட்டினேன். "ஆ, ரட்டகஜு!" என்று சிரித்து, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பிப் பையில் போட்டுத் தட்டிவிட்டான். அந்தத் தட்டில் அதுவும் நொறுங்கியது. பிறகு பஸ்ஸில் சனம் நெருக்கி, வியர்வையில் ஊறி, வீட்டுக்கு வரும்போது அது ஒரு கூழ்.

மறுநாள் கிணற்றடியில் உங்கள் அம்மா சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். "இஞ்ச பாருங்க. கலியாண வீட்டில வடையைப் பையில ஒளிச்சுக்கொண்டா வந்தீங்க? நல்ல சட்டை. ரெண்டு தரம் சவர்க்காரம் போட்டும் எண்ணெய் போகுதில்ல."

"வடை இல்ல. கச்சான்."

"கச்சானில இவ்வளவு எண்ணெயா?"

நான் எழும்பிப் போய் அந்தப் பையை வெளிப்பக்கமாகப் புரட்டினேன். தையலோரத்தில் களி மாதிரி ஒட்டியிருந்தது. விரலால் வழித்தேன். வடியவில்லை. விரலிலேயே நின்றது. மாஜரின் நிற்கிற மாதிரி நின்றது.

"மாவுக்க வை" என்றேன்.

"எதை?"

"கச்சானை அரைச்சு மாவுக்க வைப்பம். சட்டையை விடு. அம்மியை எடு."

"விசர் பிடிச்சிட்டுது" என்றாள். ஆனால் அம்மியைக் கழுவினாள்.

வறுத்த கச்சானை அவள் அரைத்தாள். முதலில் தூள். பிறகு ஈரத் தூள். அரைக்க அரைக்க அதுவே எண்ணெய் விட்டுக் குழம்பு மாதிரி இளகியது. ஒரு சொட்டு வெளி எண்ணெய் ஊற்றவில்லை. ஏலக்காய் இரண்டைத் தட்டிப் போட்டு, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சீனி. நீ தொட்டிலில் கத்திக்கொண்டிருந்தாய். அவள் ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அரைத்தாள்.

அதைப் பூசிச் சுருட்டிச் சுட்ட முதல் தட்டு கருகிப்போயிற்று. கச்சான் சீக்கிரம் சிவந்துவிடும். அதற்கு வழி போறணையிலேயே இருந்தது. பாண் சுட்டு இறக்கிய பிறகு சூடு தணிந்துகொண்டு வருமல்லவா? எல்லாவற்றுக்கும் கடைசியாக, அந்தத் தணிந்த சூட்டில் வைத்தேன். நானா ஊருக்குள் நடக்கப் போயிருந்த நேரம். எடுத்தபோது ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. நானும் உங்கள் அம்மாவும் நின்ற நிலையில் ஆளுக்கு ஒன்றைத் தின்றோம். வாய் சுட்டது. அவள் இன்னொன்றை எடுத்து எனக்குப் பாதி பிய்த்துத் தந்தாள்.

டொக்டரிடம் ஓடினேன். கேட்டுவிட்டு யோசித்தா. "கச்சானில இருக்கிறது இருதயத்துக்குப் பகை இல்லாத கொழுப்பு. சீனியைக் குறையுங்க. அவர் ஒரு கடி கடிக்கட்டும், முழுசா முடிக்கத் தேவையில்லை. இதுக்கு நான் தடை சொல்ல மாட்டன்" என்றா.

நானாவின் நிபந்தனை

நானா அதைக் கேட்டுவிட்டு ஆடிய ஆட்டத்தை எழுதினால் இந்தப் பத்திரிகைக்காரர் அச்சிட மாட்டார்.

"மாஜரின் இல்லாத அடுக்குப் பணிசா? மண்ணெண்ணெய் இல்லாத லாம்பு எண்டு செல்லு! வாப்பாட போறணையில கச்சான் உருண்டை சுடுறியா?"

"ஒருக்காக் கடிச்சுப் பாருங்க நானா."

"ஒளிச்சு நிண்டு கடிக்க மாட்டன். நான் கடிக்கிறது ஊருக்காக. எனக்காக இல்ல." தணலை ஒரு தரம் கிளறிவிட்டார். "குளிர்த்தி அண்டு வெய். சனம் முழுக்க நிக்கட்டும். நான் அவங்களுக்கு முன்னால கடிப்பன். பிழை எண்டா அவங்களுக்கு முன்னால துப்புவன். அப்பிடித் துப்பினா மறுகா என்னிட்ட இந்தக் கதை கதைக்கக் கூடாது. நான் பழையதைக் கடிச்சே மௌத்தாகிறன், இல்லாட்டி வீட்டில குந்துறன். சரியா?"

"சரி" என்றேன்.

ஒரு தட்டு, இரண்டு பணிஸ்

இப்போது அந்த விடியலுக்கு வாருங்கள்.

நானா பணிசைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சனம் பகிடி பண்ணுகிறது. மச்சி கறுப்பு முக்காட்டோடு கடையின் உள் கதவில். உங்கள் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அவவுக்குப் பக்கத்தில். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள்.

"பிஸ்மில்லாஹ்" என்றார் நானா. கடித்தார்.

மென்றார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். வழமையாக மெல்லுகிற நேரம் தாண்டியது. சனத்தின் சிரிப்பு மெதுவாக நின்றது. பறை அடித்துக் களைத்து வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். நான் அவருடைய தொண்டை அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விழுங்கினார்.

தலையை ஆட்டவில்லை.

கண்ணைத் திறந்தார். கையிலிருந்த பணிசின் உள் ஏட்டை விரலால் பிரித்துப் பார்த்தார். இன்னொரு கடி கடித்தார். பிறகு, பிள்ளைகளே, நான் அவரோடு இருந்த இத்தனை வருஷத்தில் காணாத ஒன்றைச் செய்தார். அதே தட்டுக்குத் திரும்பக் கையை நீட்டி இன்னொரு பணிசை எடுத்தார். எடுத்து, உள் கதவில் நின்ற மச்சியிடம் கொடுத்தார்.

"தின்னுகா" என்றார். "நல்லாத்தான் சுட்டிருக்கான்."

பிறகு சனத்தின் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படி எழுதுவது? நூறு கை ஒரே நேரத்தில் நீண்டது. "என்ன வாசம் நானா இது?" "இந்தப் பணிசுக்கு என்ன செஞ்ச நீங்க?" "எனக்கு நாலு, எனக்கு ஆறு!" நல்லெண்ணெய்ப் பணிசைப் பகிடி பண்ணிய பொடியன்கள்தான் முன்னால் நின்று இடிபட்டார்கள். ஒரு கிழவர் ஏடு ஏடாக உரித்து, கடைசிச் சுற்றில் இருந்த கச்சானை நக்கிவிட்டு, "தம்பி, இவ்வளவு காலமா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தாய்?" என்று என்னைக் கேட்டார்.

உங்கள் அம்மாவின் பக்கம் திரும்பினேன். அவள் அழுதுகொண்டே கத்தினாள்: "பாத்துக்கொண்டு நிக்காதீங்க! அடுத்த தட்டை எடுங்க!"

அடுத்த தட்டையும் எடுத்தோம். அதற்கடுத்ததையும். சூரியன் ஏறும் முன்னே கச்சான் முடிந்துவிட்டது. தின்னக் கிடைக்காதவர்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். அந்தக் கோபம் மாதிரி இனிப்பான ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த மஞ்சள் கட்டிப் பெட்டியை நாங்கள் அதற்குப் பிறகு இறக்கவில்லை. மற்றப் பண்டங்களிலிருந்தும் ஒவ்வொன்றாக அதை எடுத்தோம். சிலது சரிவந்தது, சிலதை விட்டுவிட்டோம். ஓட்டமாவடியிலிருந்துகூட ஒரு பேக்கரிக்காரர் வந்து எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டார். நானா மறைக்கவில்லை. அம்மியைக் காட்டினார். சட்டைப்பைக் கதையை மட்டும் கூட்டிக் கூட்டிச் சொன்னார். கடைசியில் என்னைச் சோதித்த ஆமிக்காரன் ஒரு மேஜராகி விட்டான்.

கிளினிக்

மாதங்கள் போயின. நானா மாத்திரையை விடவில்லை. பின்னேரத்தில் ஆற்றங்கரை வழியே நடந்தார். மச்சி பின்னால் நடந்து, நின்று கதைக்க விடாமல் கலைத்துக்கொண்டு போவா. பணிசை ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைப் பக்கத்தில் நிற்கிறவரிடம் கொடுக்கப் பழகினார். அந்த மிச்சத்துக்குச் சனம் போட்டி போட்டது வேறு கதை.

இரத்தம் சோதித்த ரிப்போட்டை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தா.

"ஐயா, கெட்ட கொழுப்பு நல்லாக் குறைஞ்சிருக்கு. இப்படியே கொண்டு போனா எனக்கு வேலை இல்ல."

நானா ஒரு கடதாசிப் பையை மேசையில் வைத்தார். "கடியுங்க டொக்டர்."

"மாத்திரையும் நடையும்தான் பெரிய காரணம். பணிஸ் மட்டும் எண்டு நினைக்காதீங்க."

"விளங்குது டொக்டர். முதல்ல கடியுங்க."

டொக்டர் கடித்தா. மென்றா. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினா. நானா அந்தக் கிளினிக் அதிரச் சிரித்தார். வெளியே வாங்கில் இருந்த நோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மச்சி, "சும்மா இரிங்க, ஆசுபத்திரி" என்று அவருடைய கையில் அடித்தா. அடித்துவிட்டு அவவும் சிரித்தா.

கடைக்குத் திரும்பி வந்து, மத்தியானச் சோறு தின்றுவிட்டு, நானா மா மூட்டைகளின் மேல் சாய்ந்தவர் நித்திரையாகிவிட்டார். மச்சி வீட்டுக்குப் போய்விட்டா. வாங்குவதற்கும் யாரும் இல்லை. நான் முன்கதவைச் சாத்தினேன்.

அவர் பக்கத்தில் முழந்தாளில் இருந்தேன். பனியனில் மாவும் புகையும் மணத்தது. எழுப்பிவிடாமல் மெல்லக் குனிந்து, என் காதை அவருடைய நெஞ்சில் வைத்தேன். அடித்தது. அடுத்த அடிக்குக் காத்திருந்தேன். வந்தது. வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிற்று. நான் அசையாமல் அடுத்ததற்குக் காத்திருந்தேன். அதுவும் வந்தது.